விழுந்தவன் தோற்றவன் அல்லன்

(சற்று நீண்ட பதிவு. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை ஒருமுறைகூடப் பார்த்திராத நண்பர்களையும் மனத்திற்கொண்டே எழுதியிருக்கிறேன்.)

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தாராவி 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், ஒரு வீட்டின் மாடியறை. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடைபெறும் யூ.எஃப்.சி. போட்டிகள் நமக்கு ஞாயிறு காலையில் வந்து சேர்கின்றன. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் தொலைக்காட்சியின் முன் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். ஆய்வின் பொருட்டுக் குறிப்பேட்டுடன் நானும் ஒரு மூலையில் இருந்தேன். முதல் இரண்டு நிமிடம் குத்தும் உதையுமாகக் கழிந்தது, அறை அதிர்ந்தது. பின்னர் ஒருவர் மற்றவரின் இடுப்பைப் பற்றித் தரையில் சாய்த்தார். அறையின் ஆர்வமும் அத்துடன் சாய்ந்தது. ஒருவர் கைப்பேசியை எடுத்தார். இருவர் தேநீர் வாங்கக் கீழே இறங்கினர். "எழுப்பி விடுடா" என்று ஒருவர் நடுவரை நோக்கிக் கத்தினார். உண்மையைச் சொல்வதானால், என் மனமும் அதையே கூவிற்று. குறிப்பேட்டில் 'ஆர்வம் குன்றியது' என எழுதினேன்.

அப்போது கதவோரத்தில் அமர்ந்திருந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "தம்பி, மேல இருக்கவன பாக்காதீங்க. கீழ கெடக்கவன் காலப் பாருங்க. வேல செய்யுதவன் அவன்தான்."

பார்த்தேன். கீழே கிடந்தவரின் கால்கள் மேலிருந்தவரின் இடுப்பைச் சுற்றியிருந்தன. ஒரு கால் சிறிது சிறிதாக மேலேறித் தோளைக் கடந்தது. மற்றொரு கால் அதன்மேல் மடிந்து பூட்டாயிற்று. மேலிருந்தவரின் கழுத்தும் ஒரு கையும் அந்தப் பூட்டுக்குள் அகப்பட்டன. சில நொடிகளில் அவர் எதிரியின் தொடையில் மும்முறை தட்டினார். ஆட்டம் முடிந்தது. தேநீர் வாங்கச் சென்றவர்கள் திரும்பி வந்தபோது, எவ்வாறு முடிந்தது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை; அறையிலேயே இருந்தவர்களுள்ளும் பலருக்கு விளங்கவில்லை.

பெரியவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர். இப்போட்டியின் விதிகள் எவையும் அவருக்குத் தெரியா. ஊரில் சடுகுடு ஆடியிருக்கிறார். இங்கு வந்தபின் மராத்தியத் திருவிழாக்களில் குஸ்தி பார்த்திருக்கிறார். அவ்வளவே. விதிகளையும் வீரர்களின் வரலாற்றையும் விரல்நுனியில் வைத்திருந்த இளைஞர்கள் காணாததை அவர் கண்டார். இக்கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரைப்போரைச் சலிப்பு எனக் கருதுவது இரசனையின் தேர்வு அன்று, அது கல்லாமை. அக்கல்லாமைக்கான விலையை இரசிகர் கொடுப்பதில்லை. களத்தில் நிற்பவர் தம் தலையால் கொடுக்கிறார்.

முதற்கண், கல்லாமை ஏன் என்று பார்ப்போம். நம் மொழியே தரைக்கு எதிரானது. தோற்றவன் 'மண்ணைக் கவ்வினான்' என்கிறோம். தோல்வியை ஒப்பாதவனைக் குறித்து, குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நகைக்கிறோம். 'வீழ்ச்சி' என்ற சொல்லே அழிவுக்கு மறுபெயர். குஸ்தியின் விதியும் இதற்கு இசைவானது: இரு தோள்களும் மண்ணில் பதிந்தால் ஆட்டம் முடிந்தது. 1912இல் ஷாகு மகாராஜா காலத்தில் திறக்கப்பட்ட கோலாப்பூர் காஸ்பாக் மைதானத்தில் இன்று திரளும் கூட்டமும் அந்த ஒரு கணத்துக்காகவே மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறது. மல்லாந்தவன் தோற்றவன் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய கண், மல்லாந்து கிடப்பவர் போரிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை எவ்வாறு ஒப்பும்?

பிரேசிலிய ஜியு-ஜிட்சு தலைகீழாக்கியது இந்த எண்ணத்தைத்தான். ஜூடோ வல்லுநரான மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலை அடைந்தார். அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும் அவர் உடன்பிறந்தோரும் தரைப்பயிற்சியைத் தனிக்கலையாக வளர்த்தனர். அதன் மையம், இரசிகர்கள் 'கார்டு' என வழங்கும் நிலை: முதுகு தரையில், கால்கள் எதிரியின் இடுப்பைச் சுற்றி. எளியவர் வலியவரைத் தடுத்து நிறுத்தவும், பூட்டவும், கவிழ்க்கவும் அங்கிருந்து இயலும். ஒரு காலை எதிரி விடுவித்துக்கொண்டால் அது 'ஆஃப் கார்டு'. இரு கால்களையும் கடந்து பக்கவாட்டில் அழுத்தினால் 'சைடு கண்ட்ரோல்'. மார்பின்மேல் ஏறி அமர்ந்தால் 'மவுண்ட்'. ஒவ்வொன்றும் ஒரு படி. தரைப்போர் என்பது இப்படிகளில் ஏறவும் இறங்கவும் நிகழும் வழக்கு. படிகளின் பெயர் தெரியாதவர்க்கு அது இருவர் கட்டிப்பிடித்துக் கிடப்பதாகவே தோன்றும்.

1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்த முதல் யூ.எஃப்.சி. போட்டியில் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். அவர்களுள் முதல்வரான குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிமர்சன், பூட்டு எதுவும் விழுமுன்னரே, தன்மேல் கிரேசி ஏறிய நிலையிலேயே தட்டிவிட்டார். வீரருக்கு உடலால் விளங்கியது, அரங்குக்கு விளங்கவில்லை. 1994 டிசம்பரில், தம்மைவிட முப்பது கிலோவுக்கு மேல் எடை மிகுந்த டான் செவர்னின் அடியில் கால்மணி நேரத்துக்கும் மேலாகக் கிடந்த கிரேசி, நான் தாராவியில் கண்ட அதே கால்பூட்டால் வென்றார். 1995 ஏப்ரலில் கென் ஷாம்ராக்குடன் 36 நிமிடம் நீண்ட ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தபோது அரங்கு வசைபாடியது. பின்னர், தரையில் செயலற்றுக் கிடப்பவர்களை நடுவர் எழுப்பி நிறுத்தலாம் என்ற விதி நிலைபெற்றது. கூட்டத்தின் பொறுமையின்மை சட்டமாயிற்று என்றே இதனைப் படிக்கிறேன்.

நியாயத்தின் பொருட்டு எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். எல்லாத் தரைக்கிடப்பும் கலை அன்று. 1910 செப்டம்பர் 10 அன்று இலண்டனில் காமா பயில்வானை எதிர்கொண்ட போலந்து மல்லர் ஸ்பிஷ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்த ஆட்டத்தின் பெரும்பகுதியைக் குப்புறப் படுத்துத் தற்காத்தே கழித்தார். பார்வையாளர் வெறுப்புற்றதில் வியப்பில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் நிகழவிருந்த ஆட்டத்துக்கு அவர் வரவேயில்லை. 1928இல் பட்டியாலாவில் இருவரும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை வீழ்த்தினார். எனவே, வசைபாடும் கூட்டம் எப்போதும் தவறு என்பது என் வாதம் அன்று. ஸ்பிஷ்கோவின் கிடப்பையும் கிரேசியின் கிடப்பையும் வேறுபிரித்தறிய இயலாத கூட்டம்தான் சிக்கல். முன்னது நேரத்தைக் கடத்துவது. பின்னது நேரத்தைச் செலவிட்டு ஒன்றைக் கட்டுவது. இரண்டையும் ஒரே குரலில் வைபவர், எழுத்தறியாதவர் நல்ல நூலையும் போலி நூலையும் ஒன்றாகக் காண்பது போலக் காண்கிறார்.

அந்த வேறுபாட்டைக் காணும் கண் நமக்குப் புதிதும் அன்று. புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார், கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் பாடுகிறார். வீரம், வலிமை என்று பொதுப்படச் சொல்லி அவர் அமையவில்லை. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்துப் பின்புறம் செல்கிறது. எந்தக் கால் எங்கே இருந்தது, அது என்ன வேலை செய்தது என்று கண்டு சொன்ன புலவர் அவர். கிள்ளியின் தந்தை தித்தன் இந்தக் காட்சியைக் காணவேண்டும் என்ற விழைவும் அப்பாடலில் உண்டு. 85ஆம் பாடலில் நக்கண்ணையார் கூட்டத்தையே காட்டுகிறார்: வென்றான் என்கிறார் ஒரு சாரார், வெல்லவில்லை என்கிறார் மறுசாரார். அவளோ சிலம்பொலிக்க ஓடி, வீட்டுப் பனைமரத்தைச் சார்ந்து நின்று, தன் கண்ணால் கண்டதைச் சொல்கிறாள். மற்போரைக் கண்டும் முடிவை அறியாத கூட்டமும், ஊன்றிப் பார்த்து அறிந்த ஒருத்தியும் அன்றே இருந்திருக்கிறார்கள்.

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலின் முதற்கட்டுரை காட்சி மல்யுத்தத்தைப் பற்றியது. அங்கு ஒவ்வோர் அசைவும் கடைசி வரிசைக்கும் உடனே விளங்கவேண்டும். வலி, வஞ்சம், நீதி அனைத்தும் முகத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று அவர் காட்டுகிறார். தரைப்போர் இதற்கு நேர்மாறானது. முக்கியமானவை அனைத்தும் மறைவில் நிகழ்கின்றன: அக்குளுக்கு அடியில், முழங்காலின் மடிப்பில், இடுப்பின் ஒரு சாண் நகர்வில். காட்சியாக இருக்க மறுக்கும் ஒன்றை இரசிகர் எவ்வாறு கற்கிறார்?

மாட்டுங்கா நண்பர்களுக்கு இதனை விளக்க எனக்கு எளிய வழியொன்று உண்டு. ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டவர்கள் அறிவார்கள்: தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒரு பகுதியினர் எழுந்து காப்பிக்குச் செல்வார்கள். எஞ்சியிருப்போரைக் கவனியுங்கள். அவர்களின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். கணக்கு எங்கே தொடங்கிற்று, எங்கே வந்து சேரவேண்டும் என்பதை அந்தக் கை அறியும். கோர்வை எடுப்பில் வந்து விழும்போது அவர்கள் உடல் சிலிர்க்கிறது. எழுந்து சென்றவர்க்கு அது வெறும் ஓசை. காப்பிக்குச் சென்றவர் இசையை வெறுப்பவர் அல்லர். அவருக்கு எவரும் அருகமர்ந்து கையில் தாளம் போட்டுக் காட்டவில்லை, அவ்வளவே. தாராவி மாடியறையில் தேநீர் வாங்க இறங்கியவர்களும் இவர்களே. ஒன்றை நாகரிகம் என்றும் மற்றதை முரட்டுத்தனம் என்றும் வகைப்படுத்தும் நம் பழக்கம் இந்த ஒற்றுமையைக் காணவிடுவதில்லை.

அருகமர்ந்து சொல்லித்தருபவர் ஒரு வழி. உடல் மற்றொரு வழி. ஜோசப் ஆல்ட்டர் 1992இல் வட இந்திய அகாடாக்களைப் பற்றி எழுதிய நூலும், லோயிக் வாக்கான் சிகாகோவின் குத்துச்சண்டைக் கூடமொன்றில் தாமே பயின்று எழுதிய நூலும் உடலால் அறிவதன் தேவையை நம் துறைக்கு உணர்த்தியவை. அவற்றைப் பலமுறை மேற்கோள் காட்டியிருந்த நான், பாயில் முதுகை வைத்தது செம்பூரில் ஒரு பயிற்சிக்கூடத்தில் 'பார்வையாளராக' அமர்ந்திருந்த மூன்றாம் வாரத்தில்தான். என்னைவிடப் பத்துக் கிலோ குறைவான கல்லூரி மாணவர் ஒருவர் என் மார்பின்மேல் பக்கவாட்டில் படுத்தார். அவர் எதுவும் செய்யவில்லை. நான் மூச்சு விடும்போதெல்லாம் தம் எடையைச் சற்றே கீழிறக்கினார். அடுத்த மூச்சுக்கு இடம் குறைந்தது. ஒரு நிமிடத்துக்குள் அடியின்றி, பூட்டின்றி, தட்டினேன். "அண்ணா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டார். அன்று முதல் திரையில் 'ஒன்றும் நிகழாத' நிமிடங்கள் எனக்கு இல்லாமற்போயின. ஜிமர்சன் ஏன் தட்டினார் என்பதும் விளங்கிற்று.

இனி விலையைப் பற்றி. அந்தத் தட்டலை எண்ணிப் பாருங்கள். அடித்து வீழ்த்தப்படுபவர் தம் தோல்வியைத் தாம் அறிவதில்லை. நினைவிழந்தபின் நடுவர் அறிவிக்கிறார். பூட்டில் அகப்பட்டவருக்கோ ஒரு சொல் இருக்கிறது. கையால் இருமுறை தட்டினால் போதும். எதிரி அக்கணமே விடுவிக்கிறார். இருவரும் எழுந்து கைகோக்கின்றனர். இந்த விளையாட்டில் தோற்பவர் தம் தோல்வியின் கணத்தைத் தாமே முடிவு செய்ய இயலும் இடம் பெரும்பாலும் இது ஒன்றே. தரையிலும் குத்துகள் விழுகின்றன. தட்ட மறுப்பவரின் மூட்டு விலகுகிறது. கழுத்துப்பூட்டில் நினைவிழப்போரும் உண்டு. இவற்றை மறைக்கவில்லை. எனினும் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி வேறு வகையானது. குத்துச்சண்டை வீரர்களிடம் அது விளைவிக்கும் மூளைச் சிதைவை ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் 1928லேயே விவரித்துவிட்டார். 'எழுப்பி விடு' என்று கத்தும்போது நாம் கேட்பது உண்மையில் என்ன? தோற்பவரிடமிருந்து அந்த ஒரு சொல்லைப் பறித்து, தலைக்குத் தலை நிறுத்தச் சொல்கிறோம்.

சந்தை அந்தக் கூச்சலுக்குச் செவிசாய்க்கிறது. யூ.எஃப்.சி.யில் பூட்டால் பெறும் சிறந்த வெற்றிக்கெனத் தனிப் பரிசு இருந்தது. 2014இல் அதுவும் அடித்து வீழ்த்துவோர்க்கான பரிசும் ஒரே பொதுப்பரிசாக்கப்பட்டன. இதே மும்பையில் 2012 மார்ச்சில் அந்தேரி விளையாட்டு வளாகத்தில் சூப்பர் ஃபைட் லீக் தொடங்கியபோது, முதன்மை ஆட்டத்துக்கு அழைத்துவரப்பட்டவர் பேருருவினரான பாப் சாப். காலில் காயமுற்று முதற்சுற்றிலேயே அவர் ஆட்டம் முடிந்தது. தரையை அறிந்த வீரர்களைவிடத் திரையை நிறைக்கும் உடல் விற்பனைக்கு எளிது. 2017 நவம்பரில் ஷாங்காயில், யூ.எஃப்.சி.யில் களமிறங்கிய முதல் இந்தியரான மகாராஷ்டிரத்து வீரர் பரத் கண்டாரே முதற்சுற்றிலேயே கழுத்துப்பூட்டில் தோற்றார். இரசிகர்கள் விரும்பாததைக் கூடங்கள் கற்பிப்பதில்லை. கூடங்கள் கற்பிக்காதது பன்னாட்டுக் களத்தில் நம்மவர் கழுத்தில் வந்து விழுகிறது. இரசனை வெறும் பொழுதுபோக்குச் சிக்கல் அன்று என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றம் இயலாதது அன்று. 2014இல் புரோ கபடி லீக் இதே நகரில்தான் தொடங்கிற்று. கணுக்கால் பிடி, தொடைப் பிடி என்று ஒவ்வொரு பிடியும் வர்ணனையில் பெயர் பெற்றது. மெதுவோட்டத்தில் மீண்டும் காட்டப்பட்டது. சடுகுடு ஆடாத வீடுகளிலும் 'பிடி'யைப் பாராட்டக் கற்றார்கள். பெயரிட்டுக் காட்டினால் கண் கற்றுக்கொள்கிறது. தரைப்போருக்கும் அது நிகழலாம். குஸ்தித் தாலீம்களில் மராத்தியர்கள் வழங்கும் டாக், கிஸ்ஸா, சவாரி போன்ற பெயர்களும், நம் ஊர்ச் சடுகுடுக்காரர்கள் பிடிகளுக்கு இட்ட பெயர்களும் தாராவியின் முதியவர்கள் பலரின் நினைவில் இன்னும் இருக்கின்றன. அவற்றை எவரும் முறையாகத் தொகுத்ததாக நான் காணவில்லை. மாணவ நண்பர்கள் எவரேனும் ஆய்வுப்பொருள் தேடிக்கொண்டிருந்தால், இதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். என் குறிப்புகளைத் தருகிறேன்.

கடந்த மாதம் மீண்டும் அந்த மாடியறைக்குச் சென்றேன். ஆட்டம் தரைக்குச் சென்றதும் தேநீருக்கு எழுந்த ஒருவரை மற்றொருவர் சட்டையைப் பிடித்து இழுத்து அமர்த்தினார்: "ஏல, இரு. கால் மேல ஏறுது பாரு." பூட்டு விழவில்லை, மேலிருந்தவர் நழுவிவிட்டார். ஆயினும் அறை அந்த நழுவலுக்குக் கைதட்டியது. ஆட்டம் இறுதியில் வேறொரு பூட்டில் முடிந்து, தோற்றவர் எழுந்து நின்றபோது பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அந்தப் பயலுக்குத் தலைல அடி ஒண்ணும் படலல்லா, தம்பி?"

படவில்லை என்றேன்.